சங்கிலி அறுத்தவர்

சந்திரகுமார் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கெடுப்பதென்றாலும் முழுசாகத்தான் கெடுப்பார்.

விழுப்புரத்து மருந்துக்கடைக்காரர் அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை ஐஸ் பையோடு கையில் கொடுத்து, "ஜில்லுனு வெச்சிக்கோங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போயி போட்டுக்கோங்க," என்றுதான் சொன்னார். ஃப்ரிட்ஜில் வை என்று அர்த்தம். ஆனால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரத்தில் எடைக்கு மேல் ஒரு கைப்பிடி போட்டே பழகியவர் சந்திரகுமார். ஆறு வயது மகள் சஹானாவுக்குப் போடப்போகிற ஊசி. ஜில் நல்லது என்றால் இன்னும் ஜில் இன்னும் நல்லதுதானே. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே கிடந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தை அகதியாக்கி வெளியே அனுப்பினார். நடுநாயகமாக மருந்தை வைத்தார். குளிரைக் கூட்டும் திருகை ஆகக் கடைசி எண்ணுக்குத் திருப்பினார். கதவைச் சாத்தி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காலையில் எடுத்தபோது மருந்து கல்லாகியிருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் உலாத்தினார். உருகியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நேற்று நீர்மோர் போல ஒரே சீராக இருந்த மருந்தில் இன்று பிசிறு பிசிறாக ஏதோ மிதந்தது. குலுக்கினார். பிசிறு கோபித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது.

"இன்னாங்க அது, திரிஞ்ச பாலு மாதிரி இருக்குது?" பின்னால் மனைவி ஜெயமதியின் குரல்.

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

"நேத்து அப்படி இல்ல." அவள் வெளியே வியர்த்துக்கொண்டிருந்த பட்டாணிப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஃப்ரீசர்ல வெச்சீங்களா?"

சந்திரகுமார் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி ஃப்ரீசரில் வைத்தார். ஜெயமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சஹானாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உடம்பில் தங்க வேண்டிய சத்தெல்லாம் சிறுநீரோடு கசிந்துவிடும். கூடவே கிருமியை எதிர்க்கிற தெம்பும் போய்விடும். போன கார்த்திகையில் ஒரு சாதாரணச் சளி நெஞ்சுக்குள் இறங்கி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவளைப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அங்கிருந்த கிட்னி டாக்டர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கசிவை நிறுத்த இன்னும் கடுமையான மாத்திரை தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் நிமோனியாக் கிருமிக்கு எதிரான ஊசி போட்டாக வேண்டும். ஊசி இல்லாமல் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாமல் கசிவு நிற்காது. தினமும் விடிந்ததும் சிறுநீரில் கசிவைக் காட்டும் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்ப்பார்கள். அது மஞ்சளாகவே இருந்தால் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கொஞ்ச காலமாகப் பட்டை பச்சைதான். காலையில் சஹானாவின் கண்ணிமைகள் ஆப்பம் போல உப்பியிருந்தன.

மருந்துக்கடைக்குப் போன் போட்டார். "அதான் கடைசி நயினாரே. ஆர்டர் போட்டிருக்கேன். எப்ப வரும்னு கம்பெனிக்கே தெரியாது," என்றார் கடைக்காரர். உறைந்ததைப் போடலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மையத்துல கேளுங்க," என்று வைத்துவிட்டார்.

மையம் என்று விழுப்புரத்தில் சொல்வது 'ஒருங்கிணைந்த சிறார் சிறுநீரகப் பாதுகாப்பு, தடுப்பு மற்றும் விழிப்புணர்வு உயர்சிறப்பு மைய'த்தை. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். மிச்சப் பலகை பக்கத்து டீக்கடை மேல் நீண்டிருந்தது. 'உயர்சிறப்பு மையம்' என்ற எழுத்துக்கு நேர் கீழே ஒருவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். கூட்டமும் அங்கேதான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் 'கை கழுவும் முறைகள்' என்று வண்ணப்படம். அதற்குக் கீழே ஒரு தொட்டி. குழாயில் தண்ணீர் வராது என்பது தெரிந்த யாரோ அதில் சாம்பார் சாதத்தின் மிச்சத்தைக் கொட்டியிருந்தார்கள். அதன் மேல் வெற்றிலை எச்சில். எச்சில் மேல் ஈ. ஈக்கள் மட்டும்தான் அந்தப் படத்தில் காட்டியபடி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. சஹானா அப்பாவின் வேட்டிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டாள்.

நிர்வாக அலுவலர் சீனுவாசன் மருந்துப் புட்டியை வாங்கி மேசைமேல் நிற்கவைத்தார்.

"ஃப்ரீசர்ல எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"ராத்திரி பூராவுங்க."

சீனுவாசன் கண்ணை மூடிக்கொண்டார், நெருங்கிய சொந்தத்தில் சாவு கேட்டவர்போல. "குளிர்ச் சங்கிலின்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"கம்பெனியிலேர்ந்து கொழந்தை தோள் வரைக்கும் மருந்து ஒரே மாதிரி குளிர்ச்சியில வரணும். சூடும் படக்கூடாது, உறையவும் கூடாது. எத்தினி பேரு பாடுபட்டு அந்தச் சங்கிலியைப் புடிச்சிக்கினு நிக்கறான் தெரியுமா? நீங்க ஒரு ஃப்ரீசரைத் தொறந்து படக்குனு அறுத்துட்டீங்க."

"தப்புதாங்க. அப்போ இதைப் போடக்கூடாதுங்களா?"

"கூடாதுன்னு நான் சொன்னேனா?"

"போடலாங்களா?"

"போடலாம்னும் சொல்லல. அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல."

"யாருக்குங்க இருக்குது?"

"அதைச் சொல்ற அதிகாரமும் எனக்கு இல்ல."

இப்படியாக அவர்கள் இயக்குநர் தாண்டவராயன் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் தாண்டவராயன் தனியாக ஒருவரிடம் பேசினாலும் எதிரே மைக் இருப்பதுபோல் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் பேசுவார். அறையின் ஓரத்தில் குழந்தை மருத்துவர் புனிதா ஒரு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார், எந்த நேரமும் எழச் சொல்வார்கள் என்பதுபோல.

நடந்ததைக் கேட்டதும் தாண்டவராயனின் முகம் மலர்ந்தது. "அருமை. அடுத்த மாதம் குளிர்ச் சங்கிலி வார விழா கொண்டாடுகிறோம். உதாரணத்துக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தோம். தப்பு செய்தவன் எவனும் இந்த நாட்டில் நேரில் வந்து ஒத்துக்கொள்வதில்லை. சீனு, இவரை ஒரு போட்டோ எடுங்கள். புட்டியைக் கையில் பிடிக்கட்டும். கொஞ்சம் வருத்தமாக இருக்கட்டும்."

வருத்தத்துக்குச் சந்திரகுமார் தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் புட்டியையும் காட்சிப்பொருளாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். சந்திரகுமார் மெல்லக் கேட்டார். "அப்போ என் பொண்ணுக்கு இங்க வேற ஊசி போடுவீங்களாங்க, மாட்டீங்களா?"

"உங்கள் மகளுக்கு வயது?"

"ஆறுங்க."

"இலவச ஊசி கைக்குழந்தைகளுக்கு. உங்கள் மகள் ஐந்து வருஷம் தாமதம்."

"அவ பொறந்தப்போ நம்ம ஊருக்கு இந்த ஊசி இலவசமா வரலைங்க."

"அது அவள் பிறந்த நேரம்," என்றார் தாண்டவராயன் பரிவோடு. "அறிவியல் அதில் தலையிட முடியாது."

ஓரத்திலிருந்து டாக்டர் புனிதா, "கிட்னிப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ரெண்டு வந்திருக்குது சார். ஃப்ரிட்ஜுல இருக்குது," என்றார், தரையைப் பார்த்தபடி.

"அது விழாவுக்கு."

"இவளும் கிட்னிப் புள்ளைதாங்க," என்றார் சந்திரகுமார்.

தாண்டவராயன் முதல் முறையாகச் சஹானாவைப் பார்த்தார். வீங்கிய முகத்தில் கண்கள் கோடுகளாக இருந்தன. "பயனாளியாகத் தேறுவாள். மேடையில் தெளிவாகத் தெரியும். எந்த ஊர்? செஞ்சிப் பக்கமா? பெயரைப் பார்த்தால் நயினார் வகையறா போல இருக்கிறதே. சமணர்தானே?"

"ஆமாங்க."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் ஒரு சிக்கல். நீங்கள் எறும்பைக்கூட மிதிக்காதவர்கள். இந்த ஊசி எதற்கு? கிருமியைக் கொல்ல. கிருமி ஓர் உயிர். நாளைக்கு உங்கள் ஆட்கள் வந்து, மையம் எங்கள் குழந்தையின் உடம்புக்குள் உயிர்க்கொலை நடத்திவிட்டது என்று மனு கொடுத்தால்? எல்லா மதத்தையும் மதிக்கிற மையம் இது."

"ஐயா, நாங்க தண்ணியையே காய்ச்சி வடிகட்டித்தாங்க குடிக்கறோம்."

"காய்ச்சும்போது கிருமி என்ன ஆகிறது?"

இந்தக் கேள்வி சந்திரகுமார் பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. 

"இதுல உயிருள்ள கிருமியே கெடையாது சார்," என்றார் புனிதா. "கிருமியோட மேல்சட்டை மட்டுந்தான். திருடன் சட்டையை நாய்க்கு மோப்பம் காட்டற மாதிரி. உடம்பு அதைப் பாத்து..."

"சட்டையா? யார் சட்டை?"

"கிருமியோடது சார்."

"டாக்டர் புனிதா, சட்டையெல்லாம் அப்புறம் பார்ப்போம்." புனிதா மறுபடி நாற்காலியின் நுனிக்குப் போய்விட்டார். "நயினார், உங்கள் பெரியவர்கள் யாரிடமாவது சம்மதம் கேட்டு வாருங்கள்."

"வலிக்குமா?" என்று கேட்டாள் சஹானா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"எறும்பு கடிக்கற மாதிரிதான் பாப்பா," என்றார் சீனுவாசன்.

வெளியே வந்ததும் சஹானா கொஞ்ச தூரம் யோசித்தபடி நடந்தாள். "நான் எறும்பை ஒண்ணும் பண்ணலியே, அது எதுக்குப்பா என்னைக் கடிக்குது?"

சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு அது. ஆனால் மாத்திரை கொடுக்கிற பசிக்குப் பொழுது தெரியாது. விளக்கு வைத்த பிறகு சஹானா அழுதால் ஜெயமதி அடுப்பை மறுபடி பற்றவைத்துக் கேப்பை அடை சுட்டுக் கொடுப்பாள். அன்றும் சுட்டுக்கொண்டிருந்தாள். சந்திரகுமார் பக்கத்தில் உட்கார்ந்து மையத்தின் சந்தேகத்தை விளக்கினார். கடைசியில் சந்தேகம் அவருக்கே வந்துவிட்டிருந்தது.

"நெசமாவே, கிருமியும் ஒரு ஜீவன்தானே?"

ஜெயமதி அடையைத் திருப்பிப் போட்டாள். "தெனம் சாயந்தரம் கொசுவத்தி கொளுத்தறீங்களே, எந்தப் பெரியவர்கிட்ட சம்மதம் வாங்கினீங்க?"

"அது வந்து..."

"கார்த்திகையில இவ நெஞ்சுல உக்காந்துக்கினு இருந்துச்சே, அது இவளைக் கேட்டுக்கினா வந்துச்சு? போயி நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்த வீட்டுக்குப் பெரியவ நான்தான்."

மறுநாள் சந்திரகுமார் மையத்துக்குப் போய், "எங்க பெரியவங்க சம்மதிச்சுட்டாங்க," என்று சொன்னார். பெயர் கேட்டார்கள். "ஜெயமதி அம்மையாருங்க," என்றார். சீனுவாசன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

ஊசியை விழா அன்றைக்குத்தான் போடுவது என்று முடிவானது. அதற்குள் மருந்துக்கடைக்கு ஆர்டர் வரவில்லை. பட்டை பச்சையாகவே இருந்தது. கிட்னி டாக்டர் போனில், "இன்னுமா போடல? ஜல்தி போட்டுட்டு வாங்க," என்றார். ஜல்தி என்கிற சொல்லுக்கு மையத்தில் சமமான சொல் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று சந்திரகுமாருக்குத் தெரியவில்லை.

இடையில் ஒருநாள் மல்லாட்டை விலை விசாரிக்கத் திண்டிவனம் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கழுத்தைப் புடவையால் மூடிக்கொண்டு விலகிப் போனாள். முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று தடவிப் பார்த்தார். பிறகுதான் சுவரைப் பார்த்தார்.

ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி. அதில் அவர், கையில் புட்டியோடு, போதுமான வருத்தத்தோடு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'சங்கிலியை அறுத்தவர் இவர்! நீங்களும் அறுத்துவிடாதீர்கள்!' குளிர் என்கிற சொல்லுக்கு இடம் பற்றவில்லை போலிருக்கிறது. மூலையில் நீல நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கான்ஸ்டபிள் தோளில் கை போட்டார். "நீதானா அது? எத்தினி சவரன்?"

"ஐயா, அது குளிர்ச் சங்கிலிங்க."

"குளிரா? எந்த ஊரு பொம்பளை?"

"ஆளு இல்லீங்க. ஊசி மருந்துங்க. ஃப்ரீசர்ல வெச்சிட்டேன்."

"சங்கிலியை ஃப்ரீசர்ல வெச்சிருக்கியா?" கான்ஸ்டபிளின் குரலில் மரியாதை கூடியது. இத்தனை வருஷ சர்வீஸில் அந்த இடத்தில் அவர் தேடிப்பார்த்ததே இல்லை.

ஸ்டேஷனில் உட்கார வைத்தவர்கள், வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிதான் இருக்கிறது என்பதை ஜெயமதி போனில் சத்தியம் செய்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். "உங்களோட பெரிய பேஜாரா போச்சுங்க," என்றாள் ஜெயமதி. ஆனால் போனை வைப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்த்திகைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. இன்னொரு ஸ்டேஷனுக்கும் போய்வரலாமா என்று நினைத்துக்கொண்டார்.

விழா நாள் வந்தது.

குளிர்ச் சங்கிலி என்றால் என்ன என்பதை மக்களுக்கு எளிமையாக விளக்க மையம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: மனிதச் சங்கிலி. மாவட்டம் முழுக்க இருந்து கிட்னிக் கோளாறுள்ள பிள்ளைகளை வேனில் வரவழைத்து, மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் நீலத் தொப்பி. தொப்பியில் 'நான் குளிர்ச்சியாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

தொற்று அண்டாமல் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டிய பிள்ளைகள். முதல் பையன் மூக்கைச் சிந்திய கையால் அடுத்தவள் கையைப் பிடித்தான். அவள் அதை அப்படியே அடுத்தவனுக்குக் கொடுத்தாள். சங்கிலி அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் இருமினான். சளி வந்தது. தொண்டர் ஒருவர் தன் தோள் துண்டால் துடைத்தார். அதே துண்டால் அடுத்த பிள்ளையின் வியர்வையையும் துடைத்தார். பாரபட்சம் காட்டாத துண்டு. பார்த்துக்கொண்டிருந்த சந்திரகுமார் இருமிய பையனுக்கும் சஹானாவுக்கும் நடுவில் புகுந்து தானே ஒரு கண்ணியாக நின்றுகொண்டார். சரியாக அவர் தலைக்குப் பின்னால் அவருடைய சுவரொட்டி.

"நீங்க எதுக்கு இங்க? நீங்க அறுத்தவராச்சே," என்றார் சீனுவாசன்.

"கெட்டியா புடிச்சிக்கறேங்க. இந்த தபா அறுக்கமாட்டேன்."

மேடையில் ஈரத்துணி போர்த்திய பெரிய பொருள் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் துணியை அடிக்கடி தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே பனிக்கட்டியில் செதுக்கிய ஒரு ஜோடிக் கிட்னி. சந்திரகுமாருக்கு அது உரித்த மல்லாட்டைப் பருப்பாகத்தான் தெரிந்தது, நல்ல ரகம். ஆனால் அருகே போனதும் குப்பென்று மீன் கவிச்சி அடித்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்தில் கோணிப்பையும் ஐஸ் உடைக்கிற குத்தூசியுமாக நின்றவர் பொம்மையார்பாளையத்து இருதயராஜ். மீன்பிடி போட்டுக்காரர்களுக்கு ஐஸ் போடுகிறவர்.

"நான் மீனுக்குத்தான் ஐஸ் போடறவன்னு சொன்னேன் சார்," என்றார் இருதயராஜ் தானாகவே. "ஆட்டு கிட்னி பாத்திருக்கியான்னாரு டைரக்டரு. தின்னிருக்கேன்னேன். அதையே பெருசா செய்யின்னுட்டாரு."

பனிக்குள்ளே, ஒவ்வொரு கிட்னியின் வயிற்றிலும், ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி பளபளத்தது.

சந்திரகுமார் குனிந்து பார்த்தார். "அதுக்குள்ள இன்னாங்க?"

"ஊசி மருந்து. நேத்து சாயந்தரமே உள்ள வெச்சி உறைய வெச்சாச்சு. டைரக்டரு கூடவே நின்னு வெச்சாரு."

சந்திரகுமார் ஓடிப்போய்ச் சீனுவாசனைப் பிடித்தார். "ஐயா, மருந்து உறைஞ்சி போச்சுங்களே. உறையக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதைச் சொல்ற அதிகாரம்..." என்று சீனுவாசன் ஆரம்பித்ததும் அவரை விட்டுவிட்டு இயக்குநரிடம் போனார்.

தாண்டவராயன் பொறுமையாகக் கேட்டார். "நயினார், வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் உறைந்தது அறியாமை. இங்கே உறைந்திருப்பது ஏற்பாடு."

"மருந்துக்கு அது தெரியுங்களா?"

"எல்லாம் முறைப்படி நடக்கும். போய்ச் சங்கிலியில் நில்லுங்கள்."

சிறப்பு விருந்தினர் வந்தார். தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவருடைய சாய்வுக்கு எதிரில் உண்மையான மைக் இருந்தது.

"நான் பொறுப்பேற்றபோது இந்த மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. இன்றும் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வேன்: ஊசி ஒரு பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும், விழிப்புணர்வு எல்லோருக்கும் போய்ச் சேரும். ஊசி போட்டால் தீர்ந்துவிடும். விழிப்புணர்வு தீரவே தீராது. இந்த இரண்டு புட்டிகளை வந்த அன்றே போட்டிருந்தால் இன்று நாம் எதைக் கொண்டாடியிருப்போம்?"

கைதட்டல். கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பிள்ளைகளால் தட்ட முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சங்கிலியில் ஓட்டை தெரியாமல் மற்றவர்களை நெருக்கி நிற்கச் சொன்னார்கள்.

குத்துவிளக்குக்குப் பதிலாக, சிறப்பு விருந்தினர் வெள்ளி முலாம் பூசிய சுத்தியலால் கிட்னியை உடைத்தார். மீன் வாடைத் தண்ணீர் முன்வரிசையின் மேல் தெறித்தது. சீனுவாசன் ஒரு புட்டியைப் பொறுக்கினார். கல்லாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். உருகவில்லை. கடைசியில் சட்டைக்குள் கையை விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையில் உலாத்தினார். அந்த நடையைச் சந்திரகுமார் அடையாளம் கண்டுகொண்டார். தனக்கும் அதே நடைதான்.

சஹானாவை மேடை ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பாவும் கூட ஏறி நின்றார். டாக்டர் புனிதா புட்டியிலிருந்து மருந்தைச் சிரிஞ்சில் இழுத்தார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெயிலில் பிசிறு பிசிறாக மிதந்தது.

"டாக்டர், இந்தப் பக்கம் பாருங்க," என்றார் போட்டோகிராபர்.

"வலிக்குமா?" என்று கேட்டாள் சஹானா.

"எறும்பு கடிக்கற மாதிரிதான் பாப்பா," என்றார் சிறப்பு விருந்தினர்.

"புனிதா, சும்மா வைங்க. ஒரு படம்," என்றார் தாண்டவராயன். அதுவரை பேசிய மேடைத் தமிழ் அந்த அவசரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஊசி முனை பிள்ளையின் தோளுக்கு அருகே வந்து நின்றது. இது உள்ளே போனால் சஹானாவுக்குப் போட்டாயிற்று என்று ஊரே நம்பும். கிட்னி டாக்டரும் நம்புவார். கடுமையான மாத்திரை தொடங்கும். அடுத்த கார்த்திகையில் சளி நெஞ்சில் இறங்கினால் தடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. சந்திரகுமார் குறுக்கே கையை நீட்டினார். 

"டாக்டரம்மா, நான் படிக்காதவன். ஃப்ரீசர்ல வெச்ச முட்டாளு. செவுத்துல என் படம்கூட இருக்குது. அன்னியிலேர்ந்து எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டுக்கினு இருக்கேன். உறைஞ்ச மருந்தைப் போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்."

புனிதா இயக்குநரைப் பார்த்தார். சிரிஞ்சைப் பார்த்தார். சஹானாவின் ஆப்பக் கண்களைப் பார்த்தார். பிறகு சிரிஞ்சைத் தட்டில் வைத்தார்.

"கூடாது."

பக்கத்திலேயே மைக் இருந்ததால் அந்தச் சொல் ஒலிபெருக்கி வழியே மைதானம் முழுக்கப் போய், பஜ்ஜிக் கடை வரைக்கும் கேட்டது. முன்வரிசை வழக்கப்படி கைதட்டியது.

"உங்க ஃப்ரீசர்ல இருந்ததும் வீண், இதுவும் வீண்," என்றார் புனிதா. இப்போது அவர் தரையைப் பார்க்கவில்லை. "போட்டா குத்தின வலிதான் மிச்சம். கிருமி வந்தா தடுக்காது."

"அன்னிக்கே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"பயம்."

சந்திரகுமாருக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அத்தனை நாளில் ஒருவர் கேட்டதற்குப் பதில் சொன்ன அதிசயத்தில், கோபம் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. தாண்டவராயன் மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அணைக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்று சீனுவாசன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திண்டிவனத்துல என்கூடப் படிச்சவங்க கிளினிக் வெச்சிருக்காங்க," என்றார் புனிதா. "அவங்க ஃப்ரிட்ஜுல ஒண்ணு இருக்குது. காலையிலதான் கேட்டேன். இப்பவே கெளம்புங்க, நானும் வர்றேன். மருந்தை நான் எடுத்துப் போடறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

"தொடமாட்டேங்க." சந்திரகுமார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சஹானா நாற்காலியிலிருந்து இறங்கி, நீலத் தொப்பியைக் கழற்றி உருகிக்கொண்டிருந்த கிட்னியின் மேல் வைத்தாள். பிறகு புனிதாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அங்க போட்டா வலிக்குமா?"

"வலிக்கும்," என்றார் புனிதா. "ரெண்டு நாளைக்குக் கை தூக்க முடியாது."